உள்ளே பதிவதா, வெளி ரெக்கார்டரா? எச்டிஎம்ஐ துளையைக் கேளுங்கள்

வீடியோவைக் கேமராவின் கார்டிலேயே பதிவதா, எச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கும் தனி ரெக்கார்டரில் பதிவதா என்று கேட்டால், என் சாய்வு வெளி ரெக்கார்டர் பக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதில் தேறாத கேமராவுக்கு ரெக்கார்டர் வாங்குவது வெறும் தண்டச் செலவு.

கார்டில் பதிவதன் சௌகரியத்தை விளக்க வேண்டியதில்லை. எடை கூடாது, கேபிள் தொங்காது. 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபியில் முடிந்துவிடும். பேட்டி, மேடைப் பேச்சு மாதிரி ஆள் அதிகம் அசையாத, வெளிச்சம் சரியாக இருக்கிற காட்சிக்கு இதுவே போதும்.

திணறுவது எங்கே என்றால், காற்றில் ஆடும் இலைகள், மழை, அலையடிக்கும் நீர்ப்பரப்பு. கார்டில் பதியும் லாங் ஜிஓபி முறை பல ஃபிரேம்களை ஒரு கட்டாக எடுத்து, மாறிய இடத்தை மட்டுமே எழுதிச் சிக்கனம் பிடிக்கிறது. திரை முழுக்க மாறும்போது அந்தச் சிக்கனம் செல்லாது. இலைகள் சதுரம் சதுரமாகக் குழையும். ரெக்கார்டர் பயன்படுத்தும் புரோரெஸ் என்ற வீடியோ வடிவம் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே எழுதும். 4கே, 25 ஃபிரேமில் அதன் உயர்தர வகையான புரோரெஸ் 422 எச்க்யூ நொடிக்கு 737 மெகாபிட். எடிட்டிங்கில் டைம்லைன் இழுத்த இழுப்புக்கு வருவதும் இதனால்தான்.

இனி அந்த நிபந்தனை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரெக்கார்டர் ஓர் அகப்பை. கேமரா எச்டிஎம்ஐ வழியாக 8 பிட் அனுப்பினால், அதை 10 பிட் கோப்பில் எழுதினாலும் ஒரு நிறத்துக்கு 256 படிதான். 1024 படி முளைத்துவிடாது. சோனி ஏ7எஸ் 2 இப்படித்தான்: கார்டில் 8 பிட் 4:2:0, எச்டிஎம்ஐயில் 8 பிட் 4:2:2. இந்த மூன்று எண்கள் நிற விவரத்தின் அளவைச் சொல்பவை; 4:2:2-இல் அது அதிகம். அதனால் பச்சைத் திரையை வெட்டும்போது தலைமுடி ஓரம் கொஞ்சம் சுத்தமாக வரும், இலைகள் குழையாது. வானத்தில் விழும் பட்டைக்கோடுகள் மட்டும் அப்படியே இருக்கும். 2014-இல் வந்த பானசோனிக் ஜிஎச்4 நேர் எதிர்: கார்டில் 8 பிட் 4:2:0, வெளியே 10 பிட் 4:2:2. நிக்கான் இசட்6, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டும் இதே ரகம். ரெக்கார்டருக்கு முழு மதிப்பு கிடைப்பது இங்கேதான், அதுவும் லாக் படப்பதிவில். லாக் என்றாலே ஒளியின் நீண்ட வீச்சைக் குறைந்த படிகளுக்குள் அடைப்பது. பிறகு கான்ட்ராஸ்டை விரிக்கும்போது 256 படி பல் இளிக்கும்.

விவரத்தாளை நம்பாமல் சோதித்துப் பார்க்கலாம். வெற்றுச் சுவரின் ஒரு மூலையில் ஒரே விளக்கை வையுங்கள். வெளிச்சம் மெல்ல மங்கி மறு மூலையில் இருட்டாக வேண்டும். லாக்கில், அடிப்படை ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவு) வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ ஏற்றினால் இரைச்சல் புள்ளிகள் பட்டைகளை மறைத்துச் சோதனையையே ஏமாற்றிவிடும். மெனுவில் எச்டிஎம்ஐ தகவல் காட்சியை அணையுங்கள். இல்லையென்றால் பேட்டரிக் குறியும் சேர்ந்து பதிவாகும். ரெசொல்யூஷனை ஆட்டோவில் விடாதீர்கள். 10 பிட் வெளியீட்டுக்குத் தனி அமைப்பு இருந்தால் அதையும் போடுங்கள். இதைக் கார்டிலும் ரெக்கார்டரிலும் பதிந்து, இரண்டு கோப்புகளையும் எடிட்டரில் ஏற்றி ஒரே அளவுக்குக் கான்ட்ராஸ்ட் கூட்டுங்கள். ரெக்கார்டர் கோப்பிலும் சுவர் படிக்கட்டு மாதிரி தெரிந்தால் கேமரா அனுப்புவது 8 பிட் என்று அர்த்தம்.

தேறிய கேமராவிலும் தொல்லைகள் வரும். முதல் எதிரி மைக்ரோ எச்டிஎம்ஐ துளை. கேபிள் ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் சிக்னல் அறுந்து பதிவு நின்றுவிடும். கேஜும் (கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டம்) கேபிள் கிளாம்பும் இல்லாமல் கையில் பிடித்துப் படமெடுக்காதீர்கள். அடுத்து, ரெக்கார்டர் பதியும் எஸ்எஸ்டி டிரைவ். எச்க்யூ 4கே-க்கு நொடிக்கு 92 மெகாபைட் இடைவிடாமல் எழுத வேண்டும். மலிவான டிரைவ்கள் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பும்வரை பறக்கும், நிரம்பியதும் தவழும். அப்போதுதான் சில ஃபிரேம் பதியாமல் விடுபடும். ரெக்கார்டர் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள டிரைவாகப் பார்த்து வாங்குங்கள். 500 ஜிபியில் ஒன்றரை மணி நேரம்தான் பதியலாம். சாதாரணப் புரோரெஸ் 422-க்கு இறங்கினால் நொடிக்கு 492 மெகாபிட். பெரும்பாலான வேலைக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மைக்கை நேராக ரெக்கார்டரில் செருகினால் ஒலி படத்தை முந்தும், ஏனென்றால் கேமரா படத்தை வெளியே தள்ளவே சில ஃபிரேம் நேரம் எடுக்கிறது. ஒரு கைதட்டலைப் பதிந்து, ரெக்கார்டரில் ஆடியோ டிலே அமைப்பு இருந்தால் சரிசெய்யுங்கள்.

லென்ஸின் மழுங்கல், வேகமாக நகரும்போது நேர்க்கோடுகள் சாயும் ரோலிங் ஷட்டர் கோளாறு, வெளுத்துப்போன வெளிச்சப் பகுதி, இவற்றுக்கெல்லாம் ரெக்கார்டர் மருந்தில்லை.

மூன்றாவது வழியும் உண்டு: 2017-இன் ஜிஎச்5 தொடங்கி, 10 பிட் 4:2:2-ஐக் கார்டிலேயே எழுதும் கேமராக்கள். அப்படிப்பட்ட ஒன்று கையில் இருந்தால் ரெக்கார்டரால் கூடுவது பெரிய திரையும் வேவ்ஃபார்மும் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எடிட்டிங் வேகமும்தான். படத்தரத்தில் லாபம் சொற்பம். எச்டிஎம்ஐ வழி ரா பதிவு, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலத் தரவைப் பதிவது, தனிக் கதை. அது உங்கள் எடிட்டிங் மென்பொருள் எதைத் திறக்கும் என்பதைப் பொறுத்தது, இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒன்றை மட்டும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்: ரெக்கார்டர் ஓடும்போது கார்டிலும் சேர்ந்து பதிகிறதா? ஜிஎச்4-இல் 10 பிட் வெளியே அனுப்பினால் கார்டுப் பதிவு கிடையாது. அங்கே கேபிள் கழன்றால் அந்த ஷாட் போனது போனதுதான்.