கனிம மாதிரிப் பெட்டியும் அதிலுள்ள ஹோர்ன்பிளெண்டும்: வவுனியா வகுப்பறையிலிருந்து ஒரு மதிப்பீடு

க.பொ.த. உயர்தரப் புவியியல் மாணவர்களுக்கெனத் தருவித்த கனிம மாதிரிப் பெட்டியொன்றை வவுனியாவிலுள்ள எங்கள் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா, கல்சைட், கிராபைட் ஆகியவை நல்ல தரத்தில் இருக்கின்றன. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையும் தெளிவானது. ஆயினும் வன்னி மாணவர் தம் காலடிப் பாறையை அறிந்துகொள்ள முதலில் இனங்காண வேண்டிய கருமையான கனிமம் ஹோர்ன்பிளெண்ட் என்பது என் எண்ணம். ஆகவே இப்பெட்டியை முக்கியமாக அந்த ஒரு மாதிரியைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

ஹோர்ன்பிளெண்ட் அம்பிபோல் கூட்டத்தைச் சேர்ந்த சிலிக்கேட்டுக் கனிமம். சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த நான்முகிகள் அதில் இரட்டைச் சங்கிலிகளாக நீண்டு செல்ல, கல்சியம், மக்னீசியம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் அயன்கள் அச்சங்கிலிகளைப் பிணைத்து வைத்திருக்கின்றன. சங்கிலிகளுக்கு இடையிலான பிணைப்பு வலுக்குறைந்தது என்பதால், அடிபடும்போது அது 56, 124 பாகைகளில் சந்திக்கும் இரு தளங்கள் வழியே பிளக்கிறது. பார்வைக்கு இதை ஒத்த பைரொக்சீன்கள் ஒற்றைச் சங்கிலி உடையவை. அவற்றின் பிளவுகள் ஏறக்குறையச் செங்கோணத்தில், 87, 93 பாகைகளில் சந்திக்கும். நிறமும் வன்மையும் இவ்விரண்டையும் பிரித்தறியப் போதா. கையில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்தக் கோணமே துணை. அப்படியிருக்க, பெட்டியில் வந்த ஹோர்ன்பிளெண்டை உருட்டி மெருகேற்றிக் கூழாங்கல்லாக்கி அனுப்பியிருக்கிறார்கள். பளபளப்பு அழகாக இருக்கிறது, ஆனால் படிக்க வேண்டிய தளங்கள் யாவும் தேய்ந்துபோய்விட்டன. கற்பித்தலுக்கான பெட்டியில் இதைச் சிறு குறையாக நான் கருதவில்லை.

மற்றச் சோதனைகளுக்கு அக்கல் உதவியது. மோஸ் அளவுகோலில் வன்மை 5 முதல் 6 வரை என்பதால் நகத்தால் கீற முடியவில்லை. மெருகிடாத பீங்கான் தகட்டில் தேய்த்தபோது, கறுப்புக் கல்லாயினும், வெளிறிய சாம்பல் நிறக் கோடே விழுந்தது. மாணவர் அதைக் கண்டு வியந்ததே அப்பெட்டி தந்த சிறந்த பாடம்.

கையேடுதான் என்னை மிகவும் வருத்தியது. ஹோர்ன்பிளெண்ட் தீப்பாறைகளில் காணப்படும் என்ற ஒரே வரியோடு அது நின்றுவிடுகிறது. டயோரைட், அன்டசைட் போன்றவற்றில் அது உண்டு என்பது மெய்தான். ஆனால் இலங்கையின் பெரும்பகுதி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழைமையான பாறைகளால் ஆனது. அவற்றுள் ஒரு பெரும் பிரிவுக்குப் புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்டுள்ளனர். ஹோர்ன்பிளெண்டும் கறுப்பு மைக்காவும் வரிவரியாகப் படிந்த நைஸ் பாறைகள் அத்தொகுதியில் உள்ளன. இன்னும் கடுமையான வெப்பத்தில், நீர் குறைந்த சூழலில், ஹோர்ன்பிளெண்ட் தன் அமைப்பிலுள்ள ஐதரொட்சிலை (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கூட்டத்தை) இழந்து பைரொக்சீனாக மாறும். பைரொக்சீன் கொண்ட சாணொக்கைட் வகைப் பாறைகளும் இதே தொகுதியில் கிடைப்பதால், ஆழத்தில் நிகழ்ந்த அம்மாற்றத்தை மாணவருக்கு உள்ளூர்க் கற்களைக் கொண்டே விளக்கலாம். கிளிநொச்சியின் வடபகுதியில் சுண்ணாம்புக்கல்லே மேலோங்கியிருப்பதால், அங்குள்ள ஆசிரியர்கள் தெற்கிலிருந்து கல் கொண்டு செல்ல வேண்டியிருக்கும்.

கையேட்டின் மற்றொரு பிழை ஆபத்தானது: அம்பிபோல் என்றாலே கல்நார் (அஸ்பெஸ்டஸ்) என்று அச்சமூட்டுகிறது. குரோசிடொலைட் எனும் நீலக் கல்நாரும் அமொசைட்டும் நாரிழையாக வளர்ந்த அம்பிபோல்கள். வெள்ளைக் கல்நாரான கிரிசொடைல் அம்பிபோலே அன்று, சர்ப்பன்டைன் எனும் வேறொரு கனிமக் கூட்டத்தது. சாதாரண ஹோர்ன்பிளெண்ட் மணிகளைத் தொடுவதால் கேடில்லை. கல்நார்த் தகட்டுக் கூரையின் கீழ் வாழும் பிள்ளைகளுக்கு, தீங்கு செய்வது மூச்சோடு உட்செல்லும் நுண்ணிழைகளே என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வில்லை, பீங்கான் தகடு, மற்றக் கனிமங்கள் ஆகியவற்றுக்காகப் பெட்டியை வாங்கலாம். வாங்குபவர்கள் ஹோர்ன்பிளெண்டை மெருகிடாத துண்டாகத் தரும்படி முன்கூட்டியே கேட்கவும். கிடைக்காவிடில், கல்லுடைக்கும் இடத்தில் அனுமதி பெற்று, வரியோடிய கருங்கல்லின் புதிதாக உடைந்த சல்லியைச் சேகரித்து வில்லையின் கீழ் வைக்கவும்: ஊசிமுனையால் ஏடேடாக உரிவது மைக்கா, உரியாமல் நீண்டு மின்னுவது பெரும்பாலும் ஹோர்ன்பிளெண்ட்.