ஓட்டு வீட்டுக்கு ஏசி: ஒரு டன்னா, ஒன்றரையா, இரண்டா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், சித்தூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு மார்ச் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். கடையில் அறையின் நீள அகலத்தை மட்டும் கேட்பார்கள். 12-க்கு 12 என்று சொன்னால் ஒன்றரை டன்னுக்கு பில் போட்டுவிடுவார்கள். பத்தடி உயரத் தார்சு (கான்கிரீட் கூரை) வீட்டுக்கு அந்தக் கணக்கு சரி. ஓட்டு வீட்டில் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஓட்டுக்குக் கீழே மறைப்பாகப் போடும் பலகை மச்சு இல்லாமல் நேராக ஓடு தெரிகிற அறை என்றால், சராசரி உயரம் 13 அடி வைத்தாலும் 1,872 கன அடி. அதே அறைக்கு ஒன்பது அடியில் மச்சு இருந்தால் 1,296 கன அடிதான். உயரத்தைவிடப் பெரிய தொல்லை ஓட்டு இடுக்குகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வழியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். வெயிலில் காய்ந்த ஓடும் தலைக்கு மேல் அனலடிக்கும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு டன் வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் சம்மதமே இல்லை. மச்சு இல்லாத அறையில் இரண்டு டன்னும் திணறும், கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும். மச்சு இருக்கிற சின்ன அறையிலோ அது அளவுக்கு மீறியது. ஜூன் மழைக்காலத்தில் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது. அறை சில்லென்று இருந்தாலும் படுக்கை நசநசக்கும். கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வசதி இல்லாத ஏசி மாடலில் இது இன்னும் மோசம். பழைய வயரிங்கையும் பார்க்க வேண்டும். இரண்டு டன் ஏசி ஒன்பது, பத்து ஆம்பியர் இழுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட கம்பியில் அதை மாட்டவே கூடாது. எந்த டன் ஆனாலும் மீட்டர் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் மூன்றும் வேண்டும்.

ஒரு டன் மலிவு, கரண்டும் குறைவு. ஆனால் ஏசியின் டன் அளவை வெளியே 35 டிகிரி இருக்கும்போதுதான் சோதித்துக் குறிக்கிறார்கள். வெளியே 40-ஐத் தொடும் நாளில் அந்தத் திறன் குறையும். அதனால் நூறு, நூற்றுப்பத்து சதுர அடி, மச்சு உள்ள, மேற்கு வெயில் படாத அறைக்கு மட்டும் ஒரு டன்.

12-க்கு 12 அறைக்கு நான் சொல்வது ஒன்றரை டன் இன்வெர்ட்டர், ஆனால் மச்சு போட்ட பிறகு. இன்வெர்ட்டர் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதப் பகலில் முழு வேகத்தில் ஓடும், மழை இரவில் மெதுவாக ஓடி ஈரத்தையும் எடுக்கும். இரண்டு டன்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை மச்சுக்குப் போடுங்கள். பழைய பலகை மச்சு இருந்தால் இடுக்குகளை அடைத்து, மேலே அலுமினியம் ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷன் விரித்தால் போதும். இல்லாவிட்டால் ஜிப்சம் போர்டு. ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே உள்ள சூடு வெளியேற முகப்புச் சுவரில் வழி இருக்கட்டும்.

கரண்ட் பில்லும் இதே பக்கம்தான் பேசுகிறது. கேரள மின்வாரியத்தில் மாதக் கணக்கு 250 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, மொத்த யூனிட்டுக்கும் கூடிய விலை. இரவுக்கு 6 யூனிட் போனாலே மாதம் 180. மீதி 70-க்குள் ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் அடங்க வேண்டும். செட்டிங்கை 25, 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

அப்புறம், மண் சுவரில் அவுட்டோர் யூனிட்டைத் தொங்கவிட வேண்டாம், அதிர்வில் பூச்சு உதிரும். வடக்குப் பக்கம் தரையில் சிமெண்ட் மேடை கட்டி, காற்றுப் போக இடம் விட்டு வைத்தால் போதும்.