பெயரைக் கொடுத்து ஆப்ஜெக்ட் உருவாக்குதல்: ஜாவாவில் என் நெடுநாள் அனுபவம்

நான் பராமரிக்கும் அறிக்கை மென்பொருளில் விற்பனை, இருப்பு, வரி என ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு கிளாஸ் இருக்கிறது. எந்த வாடிக்கையாளருக்கு எது என்பதைத் தரவுத்தளத்தில் கிளாஸின் பெயராகவே பதிந்து வைத்திருக்கிறோம். நிரல் ஓடும்போது அந்தப் பெயரை எடுத்து, ‘கிளாஸ்.ஃபார்நேம்’ (Class.forName: பெயரைக் கொடுத்தால் கிளாஸை ஏற்றித் தரும் ஜாவா வசதி) வழியாக ஆப்ஜெக்ட் உருவாகிறது. புதிய அறிக்கை கேட்டால் கிளாஸை எழுதி, கிளாஸ்களின் தொகுப்பான ஜார் கோப்பைச் சேர்த்து, தரவுத்தள அட்டவணையில் ஒரு வரி போட்டால் போதும். பழைய நிரலில் கை வைக்க வேண்டியதே இல்லை. இந்த வசதிக்காகவே இத்தனை ஆண்டுகளாக இந்த முறையை விடாமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் பெயர் தவறினால், நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும்போதே பிழை சொல்ல வேண்டிய கம்பைலர் வாய் திறக்காது. பேக்கேஜ் உட்பட முழுப் பெயரும் வேண்டும். இன்னொரு கிளாஸுக்குள் எழுதிய உள் கிளாஸ் என்றால், இரண்டு பெயர்களுக்கும் இடையே புள்ளிக்குப் பதில் டாலர் குறி வரும். எடிட்டரில் கிளாஸின் பெயரை மாற்றினால் தரவுத்தளத்தில் இருப்பது தானாக மாறாது. அதனால் சர்வர் தொடங்கும்போதே அட்டவணையில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஏற்றிச் சரிபார்க்கும்படி வைத்துவிட்டோம். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும்வரை பிழை ஒளிந்திருக்கக் கூடாது.

ஆப்ஜெக்ட் உருவாக்க, கிளாஸில் நேரடியாக ‘நியூஇன்ஸ்டன்ஸ்’ (newInstance) அழைக்கும் பழைய வழி, 2017இல் வந்த ஜாவா 9 முதல் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டுவிட்டது. இப்போது கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) முதலில் பெற்று, அதன் மூலம் உருவாக்க வேண்டும். இதில் கன்ஸ்ட்ரக்டருக்குள் எழும் எந்தப் பிழையும் ‘இன்வொகேஷன் டார்கெட் எக்ஸெப்ஷன்’ என்ற உறைக்குள் வரும். அதன் செய்தியை மட்டும் லாகில் எழுதினால் ‘நல்’ (null, வெறுமை) என்றுதான் பெரும்பாலும் நிற்கும். உண்மையான காரணம் அந்த உறையின் ‘கெட்காஸ்’ (getCause) தருவதில் இருக்கிறது. அதைத் தவறாமல் பதிவு செய்யுங்கள்; இரவு நேர அழைப்புகள் கணிசமாகக் குறையும்.

வேகம் பற்றிய பயம் தேவையில்லை. கன்ஸ்ட்ரக்டரை ஒரு முறை எடுத்து, பெயரைக் கொண்டு தேடும் மேப்பில் வைத்துக்கொண்டால், அறிக்கை போன்ற வேலையில் வித்தியாசமே தெரியாது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பாதுகாப்புதான். வெளியிலிருந்து வரும் பெயரை ஒருபோதும் அப்படியே ஏற்றக் கூடாது. ஜேசன் (JSON) வடிவத் தரவை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்சன் நூலகத்தில் 2017இல் வெளியான பாதுகாப்புக் குறைபாடு இந்த வகைதான்: ஜேசன் தரவுக்குள் கிளாஸின் பெயரை நுழைத்து, சர்வரில் தாக்குபவர் விரும்பியதை இயக்க வழி இருந்தது. ஏற்றிய பிறகு ‘இது நம் அறிக்கை வகைதானா’ என்று பார்ப்பதும் போதாது. ஒற்றை அளவுருவுள்ள ஃபார்நேம், கிளாஸின் ஸ்டாட்டிக் பகுதியை, அதாவது அதன் தொடக்க நிரலை, அப்போதே இயக்கிவிடும். மூன்று அளவுருக்கள் கொண்ட வடிவில் இரண்டாவதற்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்தால், தொடக்க நிரல் ஓடாமல் வகையை மட்டும் சோதிக்கலாம். அதற்கும் முன்னால், அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் ஃபார்நேமை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். கிளாஸ்கள் எல்லாம் முன்பே தெரியும் என்றால், ‘விற்பனை’ போன்ற ஒரு குறுஞ்சொல்லையும் அதற்குரிய கன்ஸ்ட்ரக்டரையும் இணைக்கும் மேப் போதும். பெயர் மாற்றத்தைக் கம்பைலரே கவனித்துக்கொள்ளும். மற்றவர்களும் ஜார் சேர்ப்பார்கள் என்றால் சேர்த்த ஜார்களில் உள்ள கிளாஸ்களைத் தானே கண்டுபிடிக்கும், ஜாவா 6 முதலே இருக்கும் ‘சர்வீஸ்லோடர்’ நல்லது. தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர்களை ஃபார்நேம் கொண்டு ஏற்றும் வழக்கம் மறைந்ததும் அதனால்தான். ஜாவா நிரலை முன்கூட்டியே நேரடி இயங்கு கோப்பாக மாற்றும் கிரால்விஎம் நேட்டிவ் இமேஜுக்கு மாறும் எண்ணம் இருந்தால், தரவுத்தளத்திலிருந்து வரும் பெயர்களை, அந்தக் கோப்பை உருவாக்கும் கட்டத்திலேயே உள்ளமைவுக் கோப்பில் பதிந்தாக வேண்டும். அந்தப் பட்டியலை எடுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.