மார்க் வி ரப்பருடன் 14 மாதங்கள்: நிலையில்லாத டாப்ஸ்பினைத் தேடிப் பிடித்த அனுபவம்

ஏறத்தாழ ஓராண்டுக் காலம் டேபிள் டென்னிஸில் என் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின், அதாவது வலது கைப் பக்கத்திலிருந்து பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு அடிக்கும் அடி, எனக்கே பிடிபடாத ஒன்றாக இருந்தது. ஒரே மாதிரி அடிப்பதாக நான் நம்பிய பந்துகளில் ஒன்று வலையில் மோதி விழும். அடுத்தது மேசையைத் தாண்டி ஒரு சாண் தள்ளிப் போய் விழும். மூன்றாவது, எதிரே நிற்பவர் மட்டையை நீட்டுவதற்குள் வளைந்து இறங்கிவிடும். அந்த மூன்றாவது பந்தின் அழகில் மயங்கித்தான் முதல் இரண்டையும் நெடுநாள் பொறுத்துக்கொண்டேன். பிறகு, குறை மட்டையின் முகத்தில் ஒட்டும் ரப்பரில்தான் என்று முடிவு கட்டி, அப்போது வைத்திருந்த மிக வேகமான ரப்பரைக் கழற்றிவிட்டு, 1969-இல் வெளிவந்து இன்றும் விற்பனையில் இருக்கும் யாசாகா மார்க் வி ரப்பரை, அடியில் 2.0 மி.மீ. தடிமனுள்ள ஸ்பாஞ்சுடன், அதே பிளேடில் (மட்டையின் மரப்பகுதியில்) ஒட்டினேன். வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 14 மாதங்கள் அதைக்கொண்டு ஆடிய பிறகு இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரங்கள் மனத்தைச் சோர வைத்தன. பழைய ரப்பர், மட்டை பந்தைச் சற்றுத் தொட்டாலே போதும், தானாகத் தூக்கி அனுப்பிவிடும். மார்க் வி நாம் கொடுத்ததை மட்டுமே திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே பேக்ஸ்பின் (பின்னோக்கிச் சுழன்று வரும்) பந்துகளை எடுக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக வலைக்குள் போயின. ஆனால் இந்த ரப்பர் எனக்குச் செய்த பேருதவி இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பழைய ரப்பரின் துள்ளல், தவறாகத் தொட்ட பந்தையும் சில வேளை மேசையில் போட்டுவிட்டதால், எது சரியான அடி, எது தப்பிப் பிழைத்த அடி என்று எனக்குத் தெரியாமலே இருந்தது.

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, உடன் ஆடுபவர் புஷ் செய்து (பந்தின் அடியை உரசி, பேக்ஸ்பினோடு தள்ளி) தரும் பந்துகளையும், பிளாக் செய்து (மட்டையை வீசாமல் தடுத்துத் திருப்பி) தரும் பந்துகளையும் தனித்தனியாகக் குறிக்கத் தொடங்கினேன். இரண்டையும் கலந்து கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. பேக்ஸ்பினோடு வரும் பந்து ரப்பரில் பட்டதும் கீழ்நோக்கிப் பாயப் பார்க்கும். அதைக் கீழிருந்து மேலாக உரசித் தூக்க வேண்டும். நம் டாப்ஸ்பினை எதிராளி பிளாக் செய்தால் திரும்பி வரும் பந்து மேலே எகிறப் பார்க்கும். அதற்கு மட்டையைக் கவிழ்த்து, முன்னோக்கி வீச வேண்டும். எனவே முதல் வகையில் வலையில் விழுவதும், இரண்டாம் வகையில் வெளியே போவதும்தான் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். என் நோட்டிலோ இரண்டு வகையிலும் இரண்டு பிழைகளும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. மட்டையின் கோணத்தை மட்டும் மாற்றித் தீர்க்கக்கூடிய குறை அன்று என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

கைபேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. வலது கையால் ஆடும் நான், சில பந்துகளை வலது இடுப்பையும் கடந்து பின்னே வந்த பிறகு தொட்டேன். சிலவற்றை உடலுக்கு வெகு முன்னே, முழங்கை நீண்டுவிட்ட நிலையில் தொட்டேன். கை வீச்சு ஒன்றேதான், ஆனால் வீச்சின் எந்த இடத்தில் பந்தைச் சந்திக்கிறோம் என்பதைப் பொறுத்து மட்டையின் முகம் மாறிவிடுகிறது. பின்னே சந்தித்தால் முகம் இன்னும் மேல்நோக்கித் திறந்திருக்கும், பந்து வெளியே போகும். முன்னே சந்தித்தால் முகம் கவிழ்ந்து முடிந்திருக்கும், பந்து வலையில் விழும். வெறும் 2.7 கிராம் எடையுள்ள பந்து ரப்பரில் தங்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அந்த நேரத்தில் கையைத் திருத்திக்கொள்ள எவராலும் இயலாது. தொடுவதற்கு முன்பே கால்கள் உரிய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். நான் மாதக்கணக்கில் மணிக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்த வேண்டியிருந்தது பாதங்களை.

இதை அறிந்த பின் பயிற்சி எளிதாயிற்று. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பந்து வலது இடுப்புக்குச் சற்று முன்னே வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு அடிக்கும் சிறு காலடி ஒன்றாவது எடுத்து வைத்து ஆடினேன். கைப்பிடியைத் தளர்த்தி, தொடும் கணத்தில் மட்டும் இறுக்கியதும் உதவியது. சரியாக உரசிய பந்தில் மெல்லிய சீறல் மட்டும் கேட்கும். தட்டையாக அடித்தால் ஸ்பாஞ்சைத் தாண்டி மரத்தின் "டொக்" ஒலி வரும். சில வாரங்களில், பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கும் முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது.

ரப்பரின் பங்கு எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்தாவது மாத வாக்கில், திருத்திக்கொண்ட அடிகளும் மீண்டும் வலைக்குப் போகத் தொடங்கின. விளக்கருகே மட்டையைச் சாய்த்துப் பார்த்தபோது, விளிம்போரம் மங்கலாகவும், நான் வழக்கமாகப் பந்தைத் தொடும் நடுப்பகுதி வழவழப்பாகப் பளபளத்தும் இருந்தன. சுத்தமான பந்தை உள்ளங்கையால் ரப்பரின் மேல் அழுத்தி இழுத்தேன். விளிம்பில் ரப்பர் பந்தைக் கவ்விக்கொண்டது, நடுவில் பந்து வழுக்கியது. ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்ததில் பிடிப்பு ஓரளவு திரும்பியது. எண்ணெய் போன்றவற்றைப் பூசி ரப்பருக்கு உயிரூட்டலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ரப்பரின் இயல்பை மாற்றும் எந்தப் பூச்சையும் போட்டி விதிகள் அனுமதிப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் ரப்பரின் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமும், புதிய பிளாஸ்டிக் பந்தின் மேல் இருக்கும் நுண்பொடியும் இதே வழுக்கலைத் தருகின்றன. ஆகவே ஆட்டத்துக்கு முன் பந்தையும் ரப்பரையும் துடைத்துவிட்டே தொடங்குகிறேன்.

இன்று புஷ் பந்துகளில் என் டாப்ஸ்பின்னை நம்பி ஆட முடிகிறது. பிளாக்குக்குப் பின் இரண்டாம், மூன்றாம் அடிகளும் பெரும்பாலும் மேசையில் விழுகின்றன. வலது முழங்கையை நோக்கி வேகமாக வரும் பந்துக்கு மட்டும் கால்கள் இன்னும் தாமதமாகின்றன. அதில் வெளியே போகும் பிழை நீடிக்கிறது. மார்க் வி மேசையிலிருந்து பின்வாங்கி நின்று ஆடுபவருக்கு வேகம் போதாததாகத் தோன்றலாம். மேசையருகே நின்று ஆடும் எனக்கு அது குறையாகப்படவில்லை. தேய்ந்த ரப்பரைக் கழற்றிவிட்டு, அதே மார்க் வி ரப்பரில் புதியதொன்றை அதே தடிமனில் ஒட்டியிருக்கிறேன். இந்த முறை ஒட்டிய தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.