மீன் வண்டி கேபினுக்குப் புதுத் தகடு: நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு

வண்டி, சேசிஸ் (அடிச்சட்டம்) தனி கேபின் தனி என்ற பழைய டீசல் பிக்கப். தூத்துக்குடிப் பக்கம் ஐஸ் போட்ட மீன் ஏற்றுகிறது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் ஸில் (உள்தகடு, வெளித்தகடு இரண்டுமே), கேபினின் பின்மூலைகள், டிரைவர் காலடித் தரையில் பாதி, கேபினைச் சேசிஸின்மேல் உட்கார வைக்கும் பின்பக்க மவுன்ட் தாங்கிகள் இரண்டு, இவ்வளவும் மாற்றப்பட்டன. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்பது வேலை நாள் பிடித்தது.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. அதற்கு முந்தின வாரம் ஓட்டையில் தகரத் துண்டு வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடிப்பதுதான் ஊர் வழக்கம். அடுத்த எஃப்.சி. வருவதற்குள் பட்டி பாளம் பாளமாக விழுந்துவிடும். ஸில் ஒரு மூடிய பெட்டி, துரு உள்ளிருந்துதான் தின்றுகொண்டு வருகிறது. வெளியே ஒரு ரூபாய் அளவு ஓட்டை தெரிந்தால் உள்தகடு ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டிப் பார்த்து, மந்தமாகச் சத்தம் வரும் இடத்தையும் தாண்டி, பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். இங்கே கஞ்சத்தனம் பார்த்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

வெட்டுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சீட், தரை மேட், அதன் கீழே ஓடும் ஒயரிங் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடுத்து முட்டுக் கொடுப்பது. ஸில்தான் முன்பில்லரையும் பின்பில்லரையும் (கதவின் இருபுறத் தூண்கள்) பிடித்து வைத்திருக்கிறது, அதை எடுத்ததும் கதவு வாசல் விரிந்துவிடும். 25 மி.மீ. சதுர பைப்பில் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று, கேபினுக்குள் இடவலமாக ஒன்று டேக் வைத்துவிட்டுத்தான் (பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துவிட்டுத்தான்) கிரைண்டரைத் தொட வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கம். மவுன்ட் தாங்கியை வெட்டும்போது கேபினுக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் இருக்கட்டும். புது ஸில்லை டேக் வைத்ததும் முட்டுக் கொடுத்த பைப்புகளைக் கழற்றிக் கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல் வருகிறதா என்று பாருங்கள். முழு வெல்டிங் ஆன பிறகு கதவு இடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வெளித்தகட்டுக்குக் கடையில் ரெடிமேட் பேனல் வாங்கினோம். நீளமும் வளைவும் சரி. ஆனால் பின்பக்க மடிப்பு நான்கு மி.மீ. குட்டை, தகடும் பழையதைவிட மெலிது. பழையதை வெட்டுவதற்கு முன்பே புதியதை மேலே வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். உள்தகட்டை 18 கேஜ் சி.ஆர். தகட்டில் (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு) பெண்டிங் மிஷினில் மடித்துக்கொண்டது நல்ல முடிவு. மவுன்ட் தாங்கிக்கு 2 மி.மீ. தகடு. "துருவே பிடிக்காது" என்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும். வெல்டிங் ஓட்டை ஓட்டையாக வரும், புகை மார்புக்குக் கேடு, பற்றவைத்த இடத்தில் பூச்சும் மிஞ்சாது.

0.8 மி.மீ. கம்பியில் சி.ஓ.2 வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டுவது). மடிப்புகளில் 8 மி.மீ. துளை, 35 மி.மீ.க்கு ஒன்று, பிளக் வெல்டிங் (துளையை நிரப்பி அடித்தகட்டோடு பற்றவைப்பது). நேர் இணைப்புகளில் 15 மி.மீ. ஓட்டி, தள்ளிப் போய் இன்னொரு 15, ஆறியதும் திரும்பி வந்து இடைவெளியை நிரப்புவது. தொடர்ச்சியாக இழுத்தால் தகடு அப்பளமாகிவிடும். கேஸ் வெல்டிங்கைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இணைப்பு மென்மையானது, சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். சி.ஓ.2 தையல் கெட்டியாக நிற்கும். ஆனால் கேஸின் சூடு பரவலானது, மூடிய பெட்டிக்குள் அது எரித்துவிட்ட பூச்சை எட்டிச் சரிசெய்ய வழி கிடையாது.

நான்கு ஆண்டுக்குப் பிறகு இடப்பக்க ஸில்லைத் தட்டினால் இன்றும் கணீர் என்கிறது. மடிப்புகளில் ஜிங்க் பிரைமர், வெளியே எபாக்சி பிரைமர், அதன்மேல் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை), கடைசியாகப் பெட்டிக்குள் மெழுகு ஸ்பிரே, எல்லாம் வரிசை மாறாமல் நடந்த பக்கம் அது. வலப்பக்கத்தில் மெழுகுக்குப் பதில் கழிவு ஆயிலை ஊற்றினோம். முதல் கோடையிலேயே வடிந்து தீர்ந்தது, கதவு ரப்பரும் ஊதிவிட்டது. இரண்டாம் மழைக்காலத்தில் அந்தப் பக்கப் பின்மூலையில் கொப்புளம். திறந்து பார்த்ததில், அடியில் இருக்கும் 8 மி.மீ. வடிகால் துளையைச் சீலரே அடைத்திருந்தது. சீலர் காய்வதற்கு முன் ஒரு கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் போதும்.

தார் பெயின்ட் அடித்த தரை வெளிப்பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. பழைய துருவின்மேல் அடித்த இரண்டு இடத்தில் மட்டும் தோலாக உரிந்து, அதற்குள் ஈரம் தங்கியிருக்கிறது.

பின் மவுன்ட்டுகள் கெட்டதற்குக் காரணம் கேபின் அல்ல, சரக்குப் பெட்டி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டியின் முன்விளிம்பில் வழிந்து, கேபினின் முதுகில் இறங்கி, தாங்கியில் தேங்குகிறது. பெட்டியின் முன்விளிம்பில் ஒரு ரப்பர் பட்டையைத் தொங்கவிட்டதும் அந்தத் தண்ணீர் நேராகச் சாலையில் விழ ஆரம்பித்தது. தாங்கிகளில் இதுவரை மேல்துரு மட்டுமே. லோடு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் தவறிப்போகிறது. வலது பின்மூலையை ஐப்பசிக்கு முன் மறுபடி வெட்டியாக வேண்டும், இந்த முறை மெழுகோடு.