அம்மாவின் சேலைகளும் சதுர அங்குலக் கணக்கும்

இந்த ஜனவரியில் கரூர் போனபோது, பெட்டியில் ஒரு ஒட்டுத்துணி விரிப்பின் (குயில்ட் போர்வை) மேல்துணியை மடித்து எடுத்துப் போனேன். அம்மாவின் பருத்திச் சேலைகளை வெட்டி, ஒஹாயோவில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கோத்தது. மதுரைச் சுங்குடிதான் அதிகம். 80 அங்குல அகலம், 90 அங்குல நீளம். ஒவ்வொரு சேலையையும் சாயம் விடாமல் நிற்கும்வரை அலசி, அதன் பிறகே கத்தரி வைத்தேன். பழஞ்சேலையில் கை வைப்பவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மேல்துணி முடிந்தால் போர்வை முடிந்துவிடாது. நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். வீட்டு மெஷினில் ஊசிக்கு வலப்பக்கம் ஏழெட்டு அங்குல இடம்தான். அதற்குள் அத்தனை துணியையும் சுருட்டி நுழைத்துத் தைத்தால் தோள்பட்டை விட்டுப்போகும், தையலும் கோணும். அதனால்தான் அமெரிக்காவில் லாங் ஆர்ம் மெஷின் வைத்திருப்பவர்களிடம் கொடுக்கிறோம். அதில் துணி உருளைகளில் இழுத்துக் கட்டப்பட்டு அப்படியே இருக்கும். மெஷினின் தலைதான் மேலே நகர்ந்து தைக்கும்.

கூலி சதுர அங்குலக் கணக்கு. என் விரிப்பு 7,200 சதுர அங்குலம். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருகிற எளிய தையலுக்கு அங்குலத்துக்கு இரண்டரை சென்ட் சொன்னார்கள். அது 180 டாலர். பஞ்சு விரிப்பு, நூல் எல்லாம் சேர்ந்தால் 230 டாலர், ரூபாயில் ஏறக்குறைய 20,000. ஒவ்வொரு கட்டத்துக்கும் பார்த்துப் பார்த்து வேறு வேறு கோலம் போட வேண்டும் என்றால் கூலி மூன்று மடங்கு. வரிசையில் காத்திருக்க இரண்டு மாதம். ரூபாயில் ஏறக்குறைய 20,000. வீட்டு உபயோகத் துணிக்கே பெயர் போன ஊரில் பிறந்துவிட்டு இதை ஏன் அமெரிக்காவில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

கரூரில் முதலில் போனது, கூலிக்கு மெத்தை விரிப்பு தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். முதலாளி தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “ஒண்ணே ஒண்ணுதானுங்களா அக்கா?” என்று இரண்டு முறை கேட்டார். அவர்களிடம் இருப்பது மல்டி நீடில் மெஷின். ரோல் ரோலாகத் துணி உள்ளே போகும், பத்துப் பன்னிரண்டு ஊசிக்கு மேல் ஒரே நேரத்தில் இறங்கும். நீளமான ஒற்றைத் துணிக்கு அதைவிட மலிவாக யாராலும் தைக்க முடியாது. என்னுடையது நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கோத்த துணி, தையல் சேரும் இடமெல்லாம் தடிப்பு. நான் கொண்டுபோயிருந்த சிறு மாதிரித் துண்டை ஓட்டிப் பார்த்தபோது, தடிப்பு வந்த இடத்தில் துணி கொசுவி மடிப்போடு தைபட்டது. போதாக்குறைக்குச் சங்கிலித் தையல். ஓரிடத்தில் அறுந்தால் உருவிக்கொண்டே வரும். “இதுல விட்டா உங்கம்மா சேலை வீணாயிரும்க்கா, நான் பொறுப்பேத்துக்க முடியாது” என்று அவரே திருப்பிக் கொடுத்தார். வேலையை மறுத்த அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

இன்னொரு இடத்தில் மாதிரியே வேண்டாம், 1,500 ரூபாய் கொடுங்கள், மறுநாள் தருகிறோம் என்றார்கள். அந்த அவசரமே எனக்குப் பயமாக இருந்தது. கொடுக்கவில்லை.

சித்திதான் வெங்கமேட்டில் ஒரு அக்காவிடம் கூட்டிப் போனார். ஏற்றுமதித் துண்டுகளுக்கு வீட்டிலிருந்தே குஞ்சம் முடிந்து கொடுத்தவர். அறுபது வயது இருக்கும். துணியை மடியில் போட்டு, பின்பக்கம் திருப்பி தையல் சேரும் ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பஞ்சுக்கு என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். அதுவரை நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கரூரில் பாலியெஸ்டர் வேடிங் (செயற்கைப் பஞ்சு விரிப்பு) எந்த கனத்திலும் கிடைக்கிறது, பருத்தியில் செய்த பஞ்சு விரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு உண்டு. ஆனால் துவைத்தால் ஒரு மூலையில் திரண்டுவிடும். “பஞ்சு எதுக்கு அம்மிணி? அப்பா வேட்டி பழசு கெடந்தா நாலு கொண்டா. நடுவுல ரெண்டு மடிப்பா வெச்சுரலாம். எங்காத்தா அப்பிடித்தான் வெப்பாங்க” என்றார் அந்த அக்கா.

பீரோவின் கீழ்த்தட்டில் அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் இருந்தன. அப்பா போய் ஆறு வருஷம். யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் அம்மா வைத்திருந்தவை. நான்கை எடுத்துக் கொடுக்கும்போது அம்மா ஒன்றும் பேசவில்லை. அவற்றின் கரைப்பட்டியை மட்டும் வெட்டி எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

அடித்துணியில் கரூரை அடிக்க முடியாது. அமெரிக்காவில் இந்த அகலத்துக்குத் துணிகளை ஒட்டுப்போடுவோம், இல்லாவிட்டால் அதிக விலைக்கு அகலத்துணி வாங்குவோம். இங்கே 108 அங்குல அகலத்தில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். மூன்று மீட்டர் 750 ரூபாய்.

கூலி பேசியதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அக்கா நாள் கூலி 400 கேட்டார், ஒன்பது பத்து நாள் ஆகும் என்றார். கணக்குப் போட்டால் சதுர அங்குலத்துக்கு ஐம்பது பைசா சொச்சம். மெஷின் வேலைக்கு அங்கே இரண்டு ரூபாய்க்கு மேல் கொடுக்கத் தயாராக இருந்தவள், கைவேலைக்கு இதைக் கொடுத்து நகர முடியுமா? அங்குலத்துக்கு ஒரு ரூபாய் என்று நானே சொன்னேன். அளவுநாடாவை எடுத்து அவர் முன்னாலேயே அளந்து காட்டினேன். “குஞ்சத்துக்கு எண்ணிக் குடுப்பாங்க. இப்பிடி அளந்து ஆரும் குடுத்ததில்ல” என்றார்.

தரையில் ஜமுக்காளம் விரித்து, மூன்றையும் அடுக்கி, ஊக்குக் குத்தி, பெரிய தையலாக ஒருமுறை ஓட்டினார். பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசை, தடித்த பருத்தி நூலில் ஓட்டுத்தையல். மூட்டு தடித்த இடங்களில் ஊசியை நூலிழை தள்ளி இறக்கினார். பதினொரு நாள் ஆனது. மூன்று வாரத்துக்குக் குறைவான விடுமுறையில் போகிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். தையல் கூலி 7,200, நூல் 260, ஓரத்துக்குப் பைப்பிங் வைத்த தையல்காரருக்கு 400. அடித்துணியோடு மொத்தம் 8,610 ரூபாய். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

லாங் ஆர்ம் தையலின் இறுக்கமும் ஒரே சீரும் இதில் இல்லை. பனிக்காலத்துக்குப் பஞ்சு விரிப்பு அளவுக்குச் சூடும் தராது. மென்மையில் மட்டும் எதுவும் இதற்கு ஈடில்லை.

வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த அக்கா வாசல்வரை வந்தார். “அடுத்த வாட்டி வரையில இன்னொண்ணு கொண்டா அம்மிணி. ஓரத்துல மட்டும் நாலு விரக்கடை கூட விட்டுத் தை. எனக்குப் புடிச்சு இழுக்கத் துணியே இல்ல.”