கொரியக் கோழிக்கு ஒரு மெய் போதும்: கற்போர் அகராதி எப்படி?

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரக் கொரிய உணவகங்களின் உணவுப் பட்டியலில் ‘தக்கல்பி’ என்று இருப்பது கோழி உணவு. அந்தக் கோழிச் சொல்லைக் கொரிய எழுத்தில் கூட்டிப் படித்தால் ‘தல்க்’ என்று வரும். வாயில் வரவேண்டியது ‘தக்’. அசையின் அடியில், அதாவது முடிவில், இப்படி ஜோடியாக நிற்கும் வெவ்வேறு மெய்கள் கொரிய மொழியில் 11 வகை. அசை முடிவில் ஒலிக்கும் மெய்களோ மொத்தம் 7தான். ஜோடியில் எது நிற்கும், எது விழும் என்பதில்தான் கற்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

இதற்குக் கைகொடுப்பது தென்கொரியாவின் தேசிய கொரிய மொழி நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் கற்போர் அகராதி. சுமார் 50,000 சொற்கள், ஒலிப்பதிவு, ஆங்கிலம் உட்பட 11 மொழிகளில் பொருள். தமிழ் இல்லை.

இதன் உண்மையான பலம், சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் உச்சரிப்பு. தனிச்சொல்லோடு நிறுத்தாமல், விகுதி சேர்ந்த வடிவங்களையும் தருகிறது. கோழியைத் தேடினால் ‘தக்’. உயிரெழுத்து விகுதி வந்தால் ‘தல்கி’. வல்லினம் வந்தால் ‘தக்த்தோ’. மகரம் வந்தால் ‘தங்மன்’. இந்த நான்கையும் ஒரே மூச்சில் பத்து முறை சொல்லிப் பழகினால் விதி தானாக நாக்கில் ஏறும். அடுத்து ‘விலை’: கப், கப்ஸி, கப்த்தோ, கம்மன்.

ஏன் என்பதை அகராதி விளக்காது. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அது பெரிய குறையில்லை. உயிர் வந்தால் இரண்டாம் மெய் அதன்மேல் ஏறிக்கொள்கிறது, பால் + ஆறு பாலாறு ஆவதுபோல. மகரமோ நகரமோ வந்தால் வல்லினம் தன் இன எழுத்தாகிறது: க் என்பது ங், ப் என்பது ம்.

தமிழ் பேசுவோர் செய்யும் தவறு வேறு. ‘வாழ்க்கை’, ‘பார்ப்போம்’ என்று மெய்களை அடுக்கிச் சொல்லிப் பழகியதால் ‘படிக்க’ என்னும் வினையை ‘இல்க்தா’ என்போம், சரியானது ‘இக்த்தா’. ஆனால் அதே வினையோடு ககரம் சேர்ந்தால் லகரம் திரும்பி வந்து ‘இல்க்கோ’ ஆகும். பெயர்ச்சொல்லான கோழிக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘தல்கி’யில் ‘வாழ்க’வின் மெல்லிய ககரம், ‘இல்க்கோ’வில் ‘வாழ்க்கை’யின் அழுத்தமான ககரம், இந்த வேறுபாடு நமக்கு இயல்பாகவே வரும்.

இன்னொன்று, கடைசியில் உகரம் ஒட்டுவது. ‘தக்கு’, ‘கப்பு’ என்றால் ஓரசை ஈரசையாகிவிடும். சிங்கப்பூரில் வளர்ந்தவருக்கு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது: பக் குட் தே என்னும் சீனப் பன்றி எலும்பு சூப் விற்கும் கடைக்காரர் ‘குட்’ என்பதைக் கேளுங்கள். காற்று வெளியே வராமல் ஒலி அடைபட்டு நிற்கும். அதே அடைப்புதான் வேண்டும்.

‘மிதி’ என்னும் வினை ‘பப்த்தா’, ‘அகலமான’ என்பது ‘நொல்த்தா’. இரண்டிலும் அடியில் இருப்பது ஒரே ல, ப ஜோடி. தென்கொரியாவில் 1988இல் வெளியான உச்சரிப்பு விதிகளே ‘மிதி’யை விதிவிலக்கு என்கின்றன. இத்தகைய சொற்களை ஊகிக்காமல் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதே நல்லது.

குறைகள் இரண்டு. அடைப்புக்குறியில் வருவதும் கொரிய எழுத்தே. எழுத்துக் கற்காதவருக்கு அது உதவாது. அகராதி செந்நெறி உச்சரிப்பையே தரும்; பேச்சில் ‘தல்கி’யைத் ‘தகி’ என்று சொல்லும் கொரியர்கள் ஏராளம்.

சொற்றொடருக்குள் போனால் அகராதியின் கை எட்டாது. ‘கோழியின் முன்னால்’ என்பதில் அடுத்து வருவது தனிப்பொருள் உள்ள சொல். அங்கே உயிர் தொடங்கினாலும் லகரம் வராது. முதலில் ‘தக்’ என்று சுருங்கி, பிறகு சேர்ந்து ‘தகபே’ ஆகும். அதற்கு ஆசிரியர்தான் வேண்டும்.